லக்கி டூபே: நிறவெறி ஆட்சி வீழ்ந்த பின்னர் அவர் எதைப் பாடினார்?

கொக்குவில் வாசகி:

வணக்கம். எங்கள் சனசமூக நிலையத்தில் மாதந்தோறும் நடக்கும் இசைச் சந்திப்பில், அடுத்த முறை தென்னாபிரிக்க ரெகே பாடகர் லக்கி டூபேயைப் பற்றிப் பேசி, சில பாடல்களையும் ஒலிக்கவிட வேண்டிய பொறுப்பு என்னிடம் வந்து சேர்ந்திருக்கிறது. வருபவர்களில் பெரும்பாலானோர் ரெகே என்றால் பொப் மார்லியை மட்டுமே அறிந்தவர்கள். அவரையும் பாடல்களைக் கேட்டு அறிந்தவர்களைவிட, முச்சக்கரவண்டிகளின் பின்புறத்தில் ஒட்டப்பட்டிருக்கும் படத்தைப் பார்த்து அறிந்தவர்களே அதிகம்.

டூபேயைப் பற்றி நான் வாசித்த குறிப்புகள் எல்லாம் அவரை 'நிறவெறிக்கு எதிராகப் பாடியவர்' என்ற ஒரே வரிக்குள் அடக்கிவிடுகின்றன. ஆண்டுகளை வரிசைப்படுத்திப் பார்த்தால் அந்த வரி போதவில்லை. அவர் ரெகே பாடத் தொடங்கியது 1984இல். நெல்சன் மண்டேலா சிறையிலிருந்து வெளியே வந்தது 1990 பெப்ரவரியில். எல்லா இனத்தவரும் வாக்களித்த முதலாவது தேர்தல் நடந்தது 1994 ஏப்ரலில். டூபே கொல்லப்பட்டது 2007 ஒக்டோபரில். ஆக, அவருடைய ரெகே வாழ்வின் பெரும்பகுதி, எதிர்த்துப் பாடவேண்டிய ஆட்சி ஆட்டம் கண்ட பின்னரும் வீழ்ந்த பின்னருமே கழிந்திருக்கிறது. அந்த ஆண்டுகளில் அவர் எதைப் பாடினார், அது முன்னைய பாடல்களைப் போல உறைத்ததா என்பதே என் முதன்மையான கேள்வி.

இன்னொன்றும் உண்டு. சூலு மொழியில் பாடி நன்றாக விற்பனையான ஓர் இளைஞர், ஏன் அதை விட்டுவிட்டு, ஜமேக்காவில் பிறந்த ஓர் இசையை ஆங்கிலத்தில் பாடப் போனார்? விடயம் தெரிந்தவர்கள் விளக்கினால் உதவியாக இருக்கும்.

பழைய ஒலிநாடா:

பிள்ளை, உங்களுடைய இரண்டாவது கேள்வியிலிருந்து தொடங்கினால்தான் முதலாவதற்கு விடை கிடைக்கும் என்று நினைக்கிறேன்.

டூபே 1964 ஓகஸ்ட் 3ஆம் திகதி எர்மெலோ என்ற ஊரில் பிறந்தார். அவர் பிறக்க முன்னரே பெற்றோர் பிரிந்துவிட்டனர். பல முறை கருச்சிதைவுற்று வருந்திய தாய், தக்கிப் பிழைத்த இந்தப் பிள்ளைக்கு 'அதிர்ஷ்டசாலி' என்ற பொருளிலேயே பெயரை வைத்தார். பின்னர் அந்தத் தாயும் வேலை தேடி வேறிடம் போக, பாட்டியாரிடம் வளர்ந்த பிள்ளை சிறு வயதிலேயே தோட்ட வேலைக்குப் போய், அந்தக் கூலி வீட்டுக்குக் காணாது என்று கண்டு பள்ளிக்கூடம் திரும்பியது. இதைச் சற்று விரித்துச் சொல்வதற்குக் காரணம் உண்டு. கறுப்பின மக்களுக்கு ஊரில் பிழைப்பு இல்லாமற் செய்து, நகரத்துச் சுரங்கத்துக்கும் தொழிற்சாலைக்கும் வீட்டுவேலைக்கும் ஆளை மட்டும் எடுத்துக்கொண்டு, குடும்பத்தை ஊரிலேயே விட்டுவைத்த ஒரு பொருளாதார ஏற்பாடாகவும் நிறவெறி இருந்தது. அந்த ஏற்பாட்டின் விளைவை டூபே தன் வீட்டுக்குள்ளேயே கண்டு வளர்ந்தவர். 1989இல் வந்த 'பிரிசனர்' தொகுப்பில், நகரத்துக்குப் போய்த் திரும்பி வராத தகப்பனை நினைத்து ஒரு பிள்ளை பாடுவதாக அமைந்த 'ரிமெம்பர் மீ' பாடலைக் கேளுங்கள். வெளிநாடு போன தகப்பனின் தொலைபேசி அழைப்பு வர வரக் குறைந்துபோன வீடுகள் எங்கள் ஊர்களிலும் இருப்பதால், அந்தப் பாட்டுக்கு உங்கள் சபையில் விளக்கமே தேவைப்படாது.

பதினெட்டு வயதளவில் அவர் தன் உறவினரான ரிச்சர்ட் சிலுமாவின் 'லவ் பிரதர்ஸ்' குழுவில் சேர்ந்து ம்பகாங்கா பாடினார். சூலு நாட்டுப்புற மெட்டை மின்கிற்றாரோடும் துள்ளும் பேஸ் கிற்றாரோடும் கலந்து, நகரத்துக் கறுப்பின மக்கள் ஆடிப்பாடிய இசை அது. அத்தொகுப்புகள் 30,000 அளவில் விற்றன. மேடையில் இடையிடையே பாடிய ரெகேப் பாடல்களுக்குச் சனம் வேறு விதமாக எழுந்து நிற்பதைக் கவனித்த அவர், 1984இல் 'ராஸ்டாஸ் நெவர் டை' என்ற சிறு தொகுப்பை வெளியிட்டார் (ராஸ்டா என்பது ரெகேயோடு பிணைந்த ஜமேக்கச் சமய இயக்கத்தைச் சேர்ந்தவரைக் குறிக்கும்). அது விற்றதோ 4,000 அளவில்தான். அடுத்த ஆண்டு அரசு அதைத் தடையும் செய்தது. வியாபாரக் கணக்குப் பார்ப்பவர் எவரும் அந்த இடத்தில் பழைய பாதைக்குத் திரும்பியிருப்பார். அவரோ அதே 1985இல் 'திங்க் அபௌட் த சில்ட்ரன்' என்ற அடுத்த ரெகேத் தொகுப்பைக் கொண்டுவந்தார்; அது பிளாட்டினம் தரத்தைத் தொட்டது. தொடர்ந்து 1987இல் 'ஸ்லேவ்', 1988இல் 'டுகெதர் ஆஸ் வன்', 1989இல் 'பிரிசனர்' என்று ஆண்டுக்கொன்றாக வந்தன.

ஆங்கிலத்துக்கு மாறியதை நான் இப்படித்தான் விளங்கிக்கொள்கிறேன். நிறவெறி ஆட்சி மக்களை நிலத்தால் பிரித்ததோடு நில்லாமல் வானொலியாலும் பிரித்தது. கறுப்பின மக்களுக்கு மொழிவாரியாகத் தனித்தனி ஒலிபரப்பு. சூலுவில் பாடினால் சூலு வானொலிக்குள்ளேயே சுற்றிக்கொண்டிருக்க வேண்டியதுதான். ஆங்கிலமும் ரெகேயும் அந்த வேலிகளைத் தாண்டின. ஜமேக்க ரெகே பாடகர் பீற்றர் ரொஷ் 1977இலேயே தென்னாபிரிக்க நிறவெறியைப் பெயர் சொல்லிப் பாடியிருந்தார் என்பதையும், அவரும் இன்னொரு ஜமேக்கப் பாடகரான ஜிம்மி கிளிஃபும் டூபேயின் முன்னோடிகள் என்பதையும் சேர்த்துப் பாருங்கள். தன் நாட்டைப் பற்றி வெளியே ஒருவர் பாடுவதைக் கேட்ட இளைஞன், உள்ளேயிருந்து அதே இசையில் பதில் சொல்ல விரும்பியது இயல்பே.

தாளக்கட்டு:

மேலே உள்ள பதிலில் இசையைப் பற்றிய செய்தி குறைவு என்பதால் இதை எழுதுகிறேன். இருபது ஆண்டுகளுக்கு மேலாக இசைக்குழுக்களில் பேஸ் கிற்றார் வாசித்துவருபவன் நான். கோவில் திருவிழா மேடைகளில் ரெகேயை வாசிக்கக் கேட்பார் இல்லை என்பது வேறு கதை.

டூபே ம்பகாங்காவை விட்டுவிட்டார் என்று சொல்வது முழுச் சரியன்று. அதை ரெகேயின் உள்ளே கொண்டுபோனார். ம்பகாங்காவின் பெருங்குழுக்களில், மஹ்லாதினியும் மஹொட்டெலா குயின்ஸும் பாடியதைப் போல, ஆண்குரல் ஒன்று தாழ்ந்த சுருதியில் உறும, பெண்குரல்கள் மூன்றோ நான்கோ சேர்ந்து மேலே எழும்பிப் பதில் சொல்லும். டூபேயின் மேடையிலும் அந்தப் பெண்குரல்கள் வெறும் துணைப்பாட்டாக நிற்பதில்லை. ஒரே அடவில் ஆடிக்கொண்டு, பாடகரின் வரியை முடித்துவைத்தும் மறுத்தும் பாடுகின்றன. அவரும் ஒரு பாடலுக்குள்ளேயே, பேச்சைப் போன்ற அடிக்குரலில் தொடங்கி, நடு ஸ்தாயிக்கு வந்து, திடீரென்று பெண்குரலோ என்று ஐயுறும் உயரத்துக்குப் போய்விடுவார். ஜமேக்கப் பாடகர்கள் பலர் ஒரே தளத்தில் நின்று பாட, இவர் ஏறி இறங்குவது சூலு வழக்கம். கிற்றார் இடைவெட்டில் விழுவதும், பேஸ் இடைவெளி விட்டு நடப்பதும், முதல் அடியை வெறுமையாக விட்டு மூன்றாவது அடியில் முரசு இறங்குவதும் ஜமேக்காவிலிருந்து வந்தவை. எங்கள் பொப்பிசை பைலாவின் தாளத்தை எடுத்து அதற்குள் யாழ்ப்பாணத்துப் பேச்சைப் போட்டதும் ஏறத்தாழ இதே வேலைதான்.

அந்தத் தொடர்பில் ஒரு யோசனை. 'ஸ்லேவ்' என்ற தலைப்பைப் பார்த்து அடிமை வணிகத்தைப் பற்றிய பாட்டு என்று பலர் நினைப்பார்கள். அது குடிக்கு அடிமைப்பட்டவனின் பாட்டு. மதகுருமார் வந்து புத்தி சொன்னதையும், விடமுடியாமல் வீட்டையும் மானத்தையும் இழந்ததையும் அவனே தன் வாயால் சொல்கிறான். டூபே குடிக்கவோ புகைக்கவோ செய்யாதவர். ஆனாலும் குடிகாரனைத் திட்டாமல் அவனுடைய இடத்தில் நின்று பாடுகிறார். நித்தி கனகரத்தினத்தின் 'கள்ளுக்கடைப் பக்கம் போகாதே' பாடலை முதலில் ஒலிக்கவிட்டு, அடுத்ததாக இதைப் போடுங்கள். ஒன்று குடிப்பவனிடம் கெஞ்சுகிறது, மற்றது குடிப்பவனே அழுகிறது. இரண்டுக்கும் கால் தானாகத் தாளம் போடும். உங்கள் சந்திப்புக்கு வரும் பெரியவர்கள் அந்த இடத்திலேயே டூபேயைத் தங்களுடைய ஆளாக எடுத்துக்கொள்வார்கள்.

வடமராட்சியான்:

எல்லோரும் புகழ்கிறீர்கள், ஒரு மறுப்பையும் பதிவுசெய்ய அனுமதியுங்கள். டூபே நல்ல பாடகர் என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் 'போராட்டப் பாடகர்' என்று அவரை மேடையில் அறிமுகப்படுத்தினால், அந்தப் பெயருக்கு அவரைவிடக் கூடிய விலை கொடுத்தவர்களுக்கு அநீதி செய்வதாகும். விடுதலைப் பாடல்களை இயற்றிய தொழிற்சங்கவாதி வுயிசிலே மினி, டூபே பிறந்த அதே 1964இல் பிரிட்டோரியாவில் தூக்கிலிடப்பட்டார். பாடகி மிரியம் மக்கேபாவின் கடவுச்சீட்டைப் பறித்து, முப்பது ஆண்டுகளுக்கு அவரைத் தாய்நாட்டுக்கு வெளியிலேயே நிறுத்திவைத்தார்கள். எக்காள இசைஞர் ஹியூ மசெக்கேலாவும் நாடுகடந்தே வாழ்ந்தார். டூபேயோ நாட்டுக்குள் இருந்தார், தொகுப்புகளை வெளியிட்டார், விருதுகளைப் பெற்றார். 'டுகெதர் ஆஸ் வன்' பாடலில், பூனையும் நாயுமே ஒன்றையொன்று மன்னித்துவிட்டன, எங்களுக்கு என்ன வந்தது என்று கேட்கிறார். அடிப்பவனையும் அடிவாங்குபவனையும் ஒரே தட்டில் வைக்கும் கேள்வி அது என்றே எனக்குப் படுகிறது.

1990களில் அமெரிக்க இசைத்தட்டு நிறுவனமான மோட்டவுனோடு ஒப்பந்தமாகி, 1995இல் 'டிரினிட்டி' வந்ததிலிருந்து இசையும் மெருகேறி மெருகேறிக் கூர்மை இழந்துவிட்டது. விசைப்பலகையின் பளபளப்பு என் காதுக்கு ஒத்துவரவில்லை.

பழைய ஒலிநாடா:

வடமராட்சியான் ஐயா சொல்வதில் மறுக்கமுடியாத பகுதி உண்டு. மினியையும் மக்கேபாவையும் டூபேயோடு ஒரே வரிசையில் வைக்கக்கூடாது என்பதை ஏற்கிறேன்; 'போராட்டப் பாடகர்' என்ற அறிமுகத்தை வாசகி தவிர்த்துவிடலாம். ஆனால் 'டுகெதர் ஆஸ் வன்' பற்றிய தீர்ப்பு கடுமையானது. அதே பாடலில், இவ்வளவு பேர் நிறவெறியை வெறுக்கும்போது உங்களுக்கு மட்டும் ஏன் அது பிடிக்கிறது என்று நேருக்கு நேர் கேட்கிறார். அப்பாடல் வந்த 1988இல் நாட்டில் அவசரகாலச் சட்டம் நடைமுறையில் இருந்தது. அந்தச் சட்டத்தின் கீழ் வாழ்ந்து பார்த்தவர்களுக்கு, உள்ளே இருந்துகொண்டு ஒரு வரியைச் சொல்வதற்கும் வெளியே இருந்துகொண்டு நூறு வரிகளைச் சொல்வதற்கும் உள்ள வேறுபாட்டை நான் விளக்கத் தேவையில்லை.

இனி வாசகியின் முதன்மையான கேள்விக்கு வருகிறேன். என் கணிப்பில் டூபேயின் மிகத் துணிவான பாடல் 1993இல் வந்த 'விக்டிம்ஸ்'. மண்டேலா விடுதலையானதற்கும் தேர்தலுக்கும் இடைப்பட்ட அந்த நான்கு ஆண்டுகளில், அவருடைய கட்சியான ஆபிரிக்க தேசிய காங்கிரஸின் ஆதரவாளர்களும், சூலு மக்களிடையே வேரூன்றிய இன்காத்தா கட்சியின் ஆதரவாளர்களும் மோதிக்கொண்டதில் ஆயிரக்கணக்கான கறுப்பின மக்கள் இறந்தார்கள். அந்த மோதலைப் பாதுகாப்புப் படையினர் சிலர் பின்னாலிருந்து ஊதிவிட்டார்கள் என்பதும் பின்னர் வெளிவந்தது. எங்கள் தீர்க்கதரிசிகளை எவ்வளவு காலத்துக்குக் கொல்லப்போகிறார்கள், நாங்கள் ஒதுங்கி நின்று பார்த்துக்கொண்டிருக்கிறோமே என்று பொப் மார்லி 1980இல் பாடியிருந்தார். டூபே அந்தக் கேள்வியை எடுத்துத் தலைகீழாக்கினார். ஒருநாள் எதிரி ஒதுங்கி நின்று பார்க்க, நாங்களே எங்கள் சகோதரர்களை வெட்டிக் கொல்வோம் என்பதை மார்லி அறிந்திருக்கவில்லையே என்கிறார். ரெகேக்காரர்கள் தெய்வத்துக்கு நிகராக வைத்திருக்கும் ஒருவரின் புகழ்பெற்ற வரியைத் தொட்டு, இது இனிப் போதாது என்று சொல்வதற்கு எவ்வளவு துணிவு வேண்டும்! அதுவும், வெற்றி வரப்போகிறது என்று எல்லோரும் கொண்டாடிக்கொண்டிருந்த நேரத்தில், குற்றத்தில் எங்களுக்கும் பங்குண்டு என்று ஒரு சூலுக்காரர் பாடினார். அந்தத் தொகுப்பு உலகெங்கும் பத்து இலட்சத்துக்கு மேல் விற்றது.

1980களின் நடுப்பகுதியில் இயக்கங்கள் ஒன்றையொன்று அழித்த நாட்களில் இந்தக் குடாநாட்டில் வாழ்ந்தவன் நான். அந்த அழிவைப் பற்றி எங்கள் கவிஞர்கள் சிலர் எழுதினார்கள், அதற்காகத் துன்பப்பட்டவர்களும் உண்டு. ஆனால் மேடையில் மெட்டோடு எழுந்த பாடல்கள் எதிரியைப் பற்றியவையாகவே இருந்தன. 'விக்டிம்ஸ்' பாடலை முதன்முதலாகக் கேட்டபோது, இப்படி ஒரு பாட்டை எங்களில் ஒருவர் பாடியிருக்கலாமே என்று தோன்றியது. அதைப் பாடி உயிரோடு இருந்திருக்க முடியுமா என்பதும் கூடவே தோன்றியது.

1994க்குப் பிறகும் அவர் அந்தப் பக்கத்தைத் திருப்பவில்லை. 1997இல் வந்த 'டாக்ஸ்மன்' தொகுப்பின் தலைப்புப் பாடல், வரி வாங்கும் அரசு அதற்குப் பதிலாக என்ன தருகிறது என்று கேட்கிறது. அதே தொகுப்பில், வயிறு நிறைந்த அடிமையையும் பசியோடிருக்கும் சுதந்திர மனிதனையும் எதிரெதிரே வைக்கும் பாடலும் உண்டு. அதைப் பாடும்போது ஆட்சியில் இருந்தது அவரும் சேர்ந்து வரவேற்ற அரசு. 1999இல் வந்த 'த வே இட் இஸ்' தொகுப்பில் குற்றச்செயலையும் ஊழலையும் பற்றிய பாடல் ஒன்றில், பட்டப்பகலில் உங்கள் வாகனம் பறிக்கப்படுமோ என்று நீங்கள் பயப்படுவதில்லையா என்று தலைவர்களைப் பார்த்துக் கேட்கிறார். எட்டு ஆண்டுகள் கழித்து, 2007 ஒக்டோபர் 18ஆம் திகதி இரவு, ஜொகனஸ்பேர்க்கின் ரோசட்டன்வில் பகுதியில் தன் பிள்ளைகளைக் கொண்டுவந்து விட்ட இடத்தில், வாகனத்தைப் பறிக்க வந்தவர்கள் அவரைச் சுட்டுக் கொன்றார்கள். அவருக்கு வயது 43. சுட்டவர்களுக்கு அவர் யார் என்று தெரியாது. நைஜீரியர் என்று நினைத்ததாகவே வழக்கில் தெரியவந்தது. 2009இல் மூவருக்கு ஆயுள் தண்டனை விதிக்கப்பட்டது. பீற்றர் ரொஷும் 1987 செப்டெம்பரில் கிங்ஸ்ரனில் தன் வீட்டுக்குக் கொள்ளையிட வந்தவர்களாலேயே கொல்லப்பட்டார்.

மெருகைப் பற்றி வடமராட்சியான் சொன்னதற்கு என்னிடம் முழுப் பதில் இல்லை. எனக்கும் 'டிரினிட்டி'யைவிட 'பிரிசனர்' பிடிக்கும்.

கடல் கடந்தவன்:

ஒரு சிறு சேர்க்கை. 1991இல் வந்த 'ஹவுஸ் ஒவ் எக்ஸைல்' தொகுப்பில் 'குறூப் ஏரியாஸ் அக்ட்' என்றொரு பாடல் இருக்கிறது. எந்த இனத்தவர் எந்த நிலத்தில் குடியிருக்கலாம் என்று வகுத்த அந்தச் சட்டம் 1950இல் கொண்டுவரப்பட்டு 1991இல் நீக்கப்பட்டது. நீக்கப்பட்டதைக் கொண்டாடும் பாடல் அது. இந்தச் சட்டத்தால் டேர்பன் நகரத்துத் தமிழரும் இடம்பெயர்ந்தார்கள். 1860 முதல் கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகளாகப் போனவர்களின் வழிவந்த குடும்பங்கள், கேட்டோ மனர் போன்ற இடங்களில் கட்டிய வீடுகளையும் தோட்டங்களையும் விட்டு, இந்தியருக்கென்று ஒதுக்கப்பட்ட சட்ஸ்வேர்த்துக்குப் போகவேண்டியிருந்தது. உயர் பாதுகாப்பு வலயம் என்ற சொல்லைக் கேட்டு வளர்ந்த வலிகாமத்துப் பிள்ளைகளுக்கு இந்தப் பாட்டு எளிதில் விளங்கும். 'டுகெதர் ஆஸ் வன்' பாடலில் ராஸ்டா, ஐரோப்பியர் என்று அழைத்துக்கொண்டு வருபவர் இந்தியரையும் சேர்த்து அழைப்பதற்குப் பின்னால் இந்த வரலாறு இருக்கிறது.

கொக்குவில் வாசகி:

அனைவருக்கும் நன்றி. கால வரிசையை விட்டுவிட்டு, 'ஸ்லேவ்' பாடலை நித்தி கனகரத்தினத்தின் பாட்டோடு முதலில் வைத்து, 'ரிமெம்பர் மீ', 'பிரிசனர்' ஆகியவற்றை நடுவில் வைத்து, 'விக்டிம்ஸ்' பாடலுக்கு அதிக நேரம் ஒதுக்கத் தீர்மானித்திருக்கிறேன். கல்விதான் வாழ்வின் திறவுகோல் என்று கேட்டு வளர்ந்தவனிடம், இனிப் பள்ளிக்கூடங்கள் கட்டமாட்டார்கள், சிறைச்சாலைகளைத்தான் கட்டுவார்கள் என்று 'பிரிசனர்' பாடலில் பொலிஸ்காரர் சொல்லும் இடத்தை, தனியார் வகுப்புகளுக்கு ஓடிக்கொண்டிருக்கும் எங்கள் மாணவர்கள் எப்படி எடுத்துக்கொள்வார்கள் என்று பார்க்க ஆவலாக இருக்கிறது. வடமராட்சியான் ஐயாவின் மறுப்பையும் அப்படியே வாசிப்பேன், விவாதம் வரட்டும். நேரடி நிகழ்ச்சிப் பதிவு ஏதாவது போடலாமா?

தாளக்கட்டு:

1990இல் வந்த 'கப்சர்ட் லைவ்' இருக்கிறது. பெண்குரல்கள் பாடகருக்குப் பதில் சொல்வதை அதில் நன்றாகக் கேட்கலாம். அடுத்த ஆண்டே ஜமேக்காவின் ரெகே சன்ஸ்பிளாஷ் விழாவில் அவர் பாடி முடித்தபின், சனம் விடாமல் மறுபடி மேடைக்கு அழைத்து, மேலும் 25 நிமிடங்கள் பாடவைத்தது என்ற செய்தியையும் சேர்த்துச் சொல்லுங்கள். அந்த இசை பிறந்த மண்ணிலேயே கிடைத்த வரவேற்பு என்பதால் அதற்குத் தனி மதிப்பு உண்டு. ஒரு வேண்டுகோள்: சனசமூக நிலையத்தின் கூம்பு ஒலிபெருக்கியில் போடவேண்டாம். அதில் பேஸ் கேட்காது, பேஸ் இல்லாத ரெகேயை வைத்து எதையும் விளக்கமுடியாது. பெட்டி ஒலிபெருக்கி இரண்டு என்னிடம் இருக்கின்றன. நாளைச் சொன்னால் கொண்டுவந்து தருவேன்.